மனைவி ஊரா, மெராபி அடிவாரமா, பாலிக் குத்தகையா: இந்தோனேசியாவில் குடியேற இடம் தேடிய கதை

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் கப்பல் பட்டறையில் 14 வருடம் ஓட்டியாயிற்று, அடுத்த வருடத்தோடு போதும் என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். அதற்கப்புறம் எங்கே இருப்பது என்பதுதான் முடிவாகாமல் கிடந்தது. அவள் ஜாவாக்காரி. யோக்யகர்த்தா நகருக்குத் தென்கிழக்கே குணுங்கிடுல் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். நான் இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவன். இந்தோனேசியக் கிராமம் என்றதும் பச்சை வயல், தென்னை, கொள்ளை மலிவில் நிலம் என்று எல்லோர் தலைக்குள்ளும் ஒரு படம் ஓடும், எனக்கும் ஓடியது. ஒன்றரை வருடமாக லீவு கிடைத்தபோதெல்லாம் மூன்று இடங்களைச் சுற்றிப் பார்த்தோம், பத்திர எழுத்தர்களிடம் உட்கார்ந்து பேசினோம், இரண்டு இடத்தில் ஏமாறப் பார்த்துத் தப்பினோம். இதே யோசனையில் இருக்கிற நம் ஆட்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிக் கனவு அங்கேயே கலைந்துவிடும். 1960-இல் வந்த அடிப்படை நிலச் சட்டம்தான் இன்றும் அஸ்திவாரம். அதன்படி "ஹாக் மிலிக்" என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு வாரிசாகவே வந்து சேர்ந்தாலும் ஒரு வருடத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும். நமக்கென்று இருப்பது "ஹாக் பாக்காய்", அதாவது பயன்பாட்டு உரிமை. 30 வருடம், அப்புறம் 20 நீட்டிப்பு, அப்புறம் புதுப்பித்து இன்னொரு 30, ஆக 80 வருடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் தனி வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்று உண்டு, யோக்யகர்த்தாவிலும் பாலியிலும் அது 500 கோடி ரூபியா. ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 190 ரூபியா என்று வைத்துக்கொண்டால் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். குணுங்கிடுல் கிராமத்தில் அந்த விலைக்கு ஒரு வீடு இல்லை, ஒரு தெருவே வாங்கலாம். கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் கட்டட உரிமை எடுக்கலாம் என்பார்கள். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், ஓய்வுக்காலத்தில் கோழி வளர்க்கப் போகிறவனுக்கு அது எதற்கு?

மிச்சம் இருப்பவை மூன்று வழிகள்தான். குத்தகை எடுப்பது, குடிமகளான மனைவியின் பெயரில் வாங்குவது, பினாமி.

பினாமியை இங்கேயே முடித்துவிடுவோம். இந்தோனேசியாவில் இதற்கு "நோமினி" என்று அழகான பெயர். உள்ளூர்க்காரர் பெயரில் நிலம், அவரோடு தனியாக ஒரு கடன் பத்திரம், ஒரு அதிகாரப் பத்திரம், எல்லாம் பக்காவாக இருக்கும். பாலியில் இடம் காட்டிய தரகர் சிரித்துக்கொண்டே "எல்லோரும் இப்படித்தான் சார்" என்றார். அதே 1960 சட்டத்தின் 26-ஆவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள்: வெளிநாட்டவருக்கு நேராகவோ மறைமுகமாகவோ முழு உரிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. கடைசிப் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். பாத்தாமில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படி ஒரு துண்டு வாங்கினார். பெயர் கொடுத்தவர் நல்ல மனிதர், கடைசி வரை நல்ல மனிதராகவே இருந்து இறந்துபோனார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்தக் கடன் பத்திரமும் தெரியாது, நண்பரையும் தெரியாது. அவ்வளவுதான் கதை.

பாலிக்கு ஏன் போனோம் என்றால், நானும் இந்து, அவர்களும் இந்து, ஊரோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை. தெற்கே கடற்கரை நெரிசல் வேண்டாம் என்று வடக்கே புலேலெங் மலைப்பக்கம், மேற்கே தபானான் வயல்பக்கம் பார்த்தோம். ஊர் அழகுக்குக் குறையே இல்லை. படிப்படியான நெல் வயல்கள், அவற்றுக்குத் தண்ணீர் பங்கிடும் "சுபாக்" அமைப்பு, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அதுதான். ஆனால் அந்த வயலைப் பார்த்துக்கொண்டு வீடு கட்ட நினைத்தால் அது பசுமைப் பகுதி, கட்டக்கூடாது. கட்டலாம் என்று சொல்லும் இடங்களில் நிலத்தை "ஆரே" கணக்கில் பேசுகிறார்கள், ஒரு ஆரே 100 சதுர மீட்டர். 25 வருடக் குத்தகை, மொத்தப் பணமும் முன்னாலேயே. வீட்டை நம் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும், தவணை முடிந்தால் நிலத்தோடு வீடும் அவருக்கு. நீட்டிப்பு உண்டா என்றால் உண்டு, "அன்றைய மார்க்கெட் விலைக்கு" என்று ஒரு வரி இருக்கும், அந்த வரிக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். கணக்கு எளிது: போட்ட பணத்தில் 25-இல் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் கரைந்துபோகும். எனக்கு 52 வயது. 77 வயதில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒருவர் வந்து நிற்பார்.

ஒட்டிக்கொள்வதும் நான் நினைத்த மாதிரி இல்லை. பாலி இந்துவுக்குக் கோவில் என்பது தன் வம்சம், தன் ஊர், தன் வயல் எல்லாவற்றோடும் பின்னிக் கிடப்பது. "பஞ்சார்" என்கிற ஊர்க்குழு கல்யாணம், எரியூட்டு, கோவில் விழா எல்லாவற்றையும் நடத்தும். வெளியாள் மாதாமாதம் வரி கட்டலாம், வணக்கம் சொல்லலாம், அந்த வட்டத்துக்குள் ஆளாக மாட்டான். தீபாவளி அங்கே பண்டிகையே இல்லை. இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை, நான்தான் "ஓம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனேன். போதாக்குறைக்கு என் மனைவி முஸ்லிம், ஜாவாக்காரி, பாலி கிராமத்தில் அவளும் அந்நியம்தான். இரண்டு அந்நியர்கள், கரைகிற குத்தகை. பாலி இப்படியாக விழுந்தது. மனைவி உறவு என்று எதுவும் இல்லாமல், வெளிநாட்டுச் சம்பளத்தில் ஐந்தாறு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்பவர்களுக்கு இதே குத்தகை பொருந்தலாம், மறுக்கவில்லை. அவர்களுக்கும் 25 வருடம் எடுக்காதீர்கள், வருடக் கணக்கில் வாடகைக்குப் போங்கள் என்பேன்.

அடுத்து மெராபி எரிமலை அடிவாரம். யோக்யகர்த்தாவுக்கு வடக்கே ஸ்லேமான் மாவட்டம், பாக்கெம், துரி பக்கம். நியாயமாகப் பார்த்தால் புத்திசாலிகள் இங்கேதான் வாங்குவார்கள். தண்ணீர் வருடம் முழுக்க ஓடுகிறது, வீட்டுக்கு வீடு சாலாக் தோட்டம் (பாம்புத் தோல் மாதிரி இருக்குமே, அந்தப் பழம்), இராத்திரி போர்வை தேவைப்படுகிற குளிர், காலியுராங் சாலையைப் பிடித்து இறங்கினால் காஜா மாடா பல்கலைக்கழகமும் பெரிய ஆஸ்பத்திரியும். பையனுக்கு 15 வயது, படிப்புக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. விலைதான் இடித்தது. குணுங்கிடுல் உள்கிராமத்தில் எங்களிடம் சதுர மீட்டருக்கு இரண்டரை லட்சம் ரூபியா சொன்னார்கள், இங்கே சாலைக்குக் கொஞ்சம் உள்ளே 35 லட்சம்.

அப்புறம் மலை. மெராபி சும்மா இருக்கிற மலை இல்லை. 2010 அக்டோபர், நவம்பரில் வெடித்தபோது 350 பேருக்கு மேல் இறந்தார்கள், உச்சியிலிருந்து 20 கிலோமீட்டர் வரை ஊர்களைக் காலி செய்தார்கள். ஆபத்து மண்டல வரைபடம் அரசே வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு இடம் காட்டிய தரகர் அந்த வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "மலைக் காட்சி" என்று மட்டும் ஐந்து தடவை சொன்னார்.

அதைவிட முக்கியமாக யோக்யகர்த்தாவில் நிலத்தின் பூர்வீகம் வேறு. சுல்தான் அரண்மனை நிலம் என்று ஒன்று, ஊராட்சிக்குச் சொந்தமான "தானா காஸ் தேசா" என்று ஒன்று. இவற்றை வாங்க முடியாது, அனுமதியோடு வாடகைக்கு மட்டும் எடுக்கலாம். 2023-இல் ஸ்லேமானில் இந்த ஊராட்சி நிலத்தில் அனுமதியை மீறி வீடுகள் கட்டித் தள்ளிவிட்ட விவகாரம் வெடித்து, ஊர்த்தலைவர் வரை கைதானது பெரிய செய்தி. பணம் கொடுத்து உள்ளே குடிபுக இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எங்களுக்குக் காட்டிய ஒரு அழகான, ஜோக்லோ என்கிற பழைய ஜாவா பாணி வீட்டின் விலை அக்கம்பக்கத்தை விடப் பாதியாக இருந்தது. மனைவிக்குச் சந்தேகம். நில அலுவலகத்தின் "செந்துஹ் தானாகு" என்ற கைபேசிச் செயலியில் இடத்தைத் தட்டிப் பார்த்தாள், பத்திரமே பதிவாகவில்லை. கேட்டதற்கு "லெட்டர் சே இருக்கிறது" என்றார்கள். அது பழைய ஊராட்சி வரிப் பதிவேட்டு நகல், வரி கட்டினார் என்பதற்கு அத்தாட்சி, சொந்தம் என்பதற்கு இல்லை. இந்தோனேசியக் கிராமத்தில் எங்கே நிலம் பார்த்தாலும் லெட்டர் சே, கிரிக், பெத்தோக் தே என்ற பெயர்கள் காதில் விழுந்தால் பர்ஸைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 2017 முதல் அரசு ஊர் ஊராக மொத்தப் பத்திரப் பதிவுத் திட்டம் நடத்திவருகிறது, அதற்கப்புறமும் ஒரு துண்டு பத்திரம் இல்லாமல் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு சண்டை இருக்கும்.

சரி, குணுங்கிடுல்.

இது சுண்ணாம்புக்கல் பூமி. குணுங் செவு, ஆயிரம் மலை என்று பெயர், கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரிக் குன்றுகள். மழை நன்றாகவே பெய்யும், பெய்தது அத்தனையும் பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி நிலத்தடி ஆறாக ஓடிவிடும். மேலே இருப்பவனுக்கு மரவள்ளிக்கிழங்கும் கடலையும்தான். பிரிபின் என்ற குகை ஆற்றில் அணை கட்டி, ஜெர்மன் பொறியாளர்கள் உதவியோடு தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள், குழாயும் வந்திருக்கிறது. ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை எங்கள் ஊர்க் குழாயில் காற்றுதான் வரும். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி உண்டு, அது வற்றியதும் லாரித் தண்ணீர், ஒரு நடை 5,000 லிட்டர். மாமனார் தன் சின்ன வயதில் தண்ணீருக்காகக் குளம் வரை நடந்த கதையைச் சொல்லும்போது ஏதோ போர்க் கதை மாதிரி இருக்கும். (இந்தோனேசிய மொழியில் குளத்துக்கு "கோலாம்" என்று ஒரு சொல் உண்டு, கடைக்கு "கெடாய்", பெட்டிக்கு "பெத்தி", எல்லாம் நம்மிடம் போனவைதான். இதைச் சொன்னபோது மாமனார் என்னைக் கொஞ்சம் கூடுதலாக மதித்தார்.)

மின்சாரம் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் 450 அல்லது 900 விஏ (கிட்டத்தட்ட வாட் மாதிரி) இணைப்பு. அதில் தண்ணீர் மோட்டாரையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் "ஞ்ஜெக்லெக்", அதாவது டிரிப் ஆகிவிடும், அதற்கென்றே ஜாவா மொழியில் இந்தச் சொல். ஏசி என்ற எண்ணமே வேண்டாம். 1,300 அல்லது 2,200 விஏக்கு உயர்த்தினால் மானியம் போய் யூனிட்டுக்கு 1,444 ரூபியா சொச்சம், டோக்கன் எண் வாங்கி மீட்டரில் தட்ட வேண்டும். தாங்கக்கூடியதுதான், கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

பணம் இல்லாத செலவுதான் பெரிது, அதாவது ஆட்களுக்கான செலவு. ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப்பணிக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். இராத்திரி ரோந்து முறை வரும், ரோந்து போகிறவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசல் கிண்ணத்திலிருந்தும் ஒரு பிடி அரிசியோ 500 ரூபியாக் காசோ எடுத்துக்கொண்டு போவார்கள், "ஜிம்பித்தான்" என்று பெயர். அது ஊர்ப் பொதுப்பணத்துக்கு, கிண்ணம் நாலு நாள் காலியாக இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். கல்யாணம் என்றால் பெண்கள் மூன்று நாள் அடுப்படியில் உதவப் போவது, ஆண்கள் கவர் கொடுப்பது. அறுவடைக்கு அப்புறம் "ரசூலான்" விழா, அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. யார் எவ்வளவு கவர் வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், நம் ஊர் மொய் நோட்டேதான். இது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதால் மனசு லேசாக இருந்தது, ஆனால் கூட்டம் நடக்கும் மொழி லேசாக இல்லை. பாத்தாமில் 14 வருடம் இந்தோனேசிய மொழி பேசியவன், இங்கே தெருக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தால் பெரியவர்கள் மரியாதை நடை ஜாவா மொழியில் பேசுகிறார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. மனைவி பக்கத்தில் இல்லை, ஆண்கள் கூட்டம். நானும் எல்லோரும் தலையாட்டும்போது தலையாட்டி, அடுத்த வாரம் பாலம் வேலைக்கு மூங்கில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று மறுநாள் தெரிந்தது.

சாப்பாடு எனக்குப் பிரச்சினை இல்லை, மரவள்ளி மாவில் செய்த "திவுல்" கூடப் பழகிவிட்டது, சாலையோரம் விற்கும் வறுத்த வெட்டுக்கிளியை மட்டும் மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு நாள் வேலியில் முருங்கையைப் பார்த்துச் சந்தோஷத்தில் கீரையைப் பறித்துப் பொரியலுக்கு உருவிக்கொண்டிருந்தேன், மாமியார் திடுக்கிட்டு நின்றுவிட்டார். ஜாவாவில் முருங்கை இலை பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடுவது, மந்திரக் கட்டு அவிழ்க்கப் பயன்படுவது. இப்போது மாப்பிள்ளை பிணக்கீரை தின்பவர் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, கெட்ட பெயர் இல்லை.

ஆஸ்பத்திரி விஷயம் எனக்கு உறுத்தல்தான். சின்னக் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையமான "புஸ்கெஸ்மாஸ்" போதும். மாவட்டத் தலைநகர் வோனோசாரியில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் என்றால் மலை இறங்கி யோக்யகர்த்தா, வோனோசாரியிலிருந்தே 40 கிலோமீட்டர் பக்கம். நெஞ்சுவலி வந்தவனுக்கு அந்த வளைவுப் பாதை நீளம். மெராபி அடிவாரம் இந்த ஒரு விஷயத்தில் ஜெயித்துவிடுகிறது, அதை நான் மறைக்கவில்லை.

நிலநடுக்கமும் உண்டு. 2006 மே 27 விடியற்காலை வந்த அதிர்வில் பந்துல், கிளாத்தென் பக்கம் 5,700 பேருக்கு மேல் போனார்கள். அதில் ஊர்க்காரர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: தூணும் கம்பிக்கட்டும் இல்லாத செங்கல் சுவர்கள் பொலபொலவென்று விழுந்தன, பழைய மரச்சட்ட "லிமாசான்" வீடுகள் பல ஆடி நின்றுவிட்டன. அதனால் நாங்கள் கட்டினால் மரச்சட்டம், பாதி உயரம் மட்டும் சுவர் என்று முடிவு. மாமனார் வீட்டுப் பின்னால் ஒரு பழைய லிமாசான் சட்டம் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது, தேக்கு.

இப்போது நில விஷயம். அவர்கள் வீட்டுத் தோட்டம் 1,200 சதுர மீட்டர், பத்திரம் இருக்கிறது, ஆனால் இன்னும் மனைவியின் தாத்தா பெயரில். தாத்தா போய் 19 வருடம். பேர் மாற்ற வேண்டும் என்றால் வாரிசுச் சான்றிதழில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு சித்தப்பா ஜகார்த்தாவில் மீட்பால் சூப் வண்டி வைத்திருக்கிறார், ஒருவர் கலிமந்தானில். பிறகு பங்கு எப்படி? இஸ்லாமிய முறையில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஜாவாவில் இதைக் காவடித் தடியின் இரண்டு பக்கச் சுமை ஆணுக்கு, முதுகுச் சுமை பெண்ணுக்கு என்று அழகாகச் சொல்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால் சமமாகவும் பிரிக்கலாம், பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. எங்கள் வீட்டில் சமம் என்று வாய்ப்பேச்சு, வாய்ப்பேச்சுக்கு நில அலுவலகத்தில் சீல் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு இருக்கிற எல்லா வழிகளிலும் சட்டப்படி கெட்டியானது இந்தப் பரம்பரைத் துண்டுதான். இந்தோனேசியத் திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குப் பின் வாங்கிய சொத்து இருவருக்கும் பொது. மனைவி குடிமகளாக இருந்தாலும் பாதி வெளிநாட்டவனுடையது என்று ஆகிவிடும், அதனால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் அவள் பெயரில் புதிதாக நிலம் வாங்கப் போனால் பத்திர அதிகாரி தயங்குவார். முன்பு அந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும், 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்று தீர்ப்பளித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. நாங்களும் செய்துகொண்டோம், மெராபி நிலம் பார்க்கப் போனதே அந்தத் தைரியத்தில்தான். வாரிசாக வந்ததோ ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவளுடைய தனிச் சொத்து. பையன் 18 வயதானதும் குடியுரிமையைத் தேர்வு செய்ய வேண்டும், 21-க்குள் சொல்லியாக வேண்டும், அவன் இந்தோனேசியனாக இருந்தால் நேராக அவனுக்குப் போகும். எனக்கு? ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் நான் போனால் பிரச்சினையே இல்லை, அவள் முன்னால் போனால் என் பங்காக வருவதை ஒரு வருடத்துக்குள் கைமாற்ற வேண்டும். இதை மனைவியிடம் சிரித்துக்கொண்டேதான் பேசினோம், பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வயல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விவசாய நிலத்தை அதே வட்டத்தில் குடியிருப்பவர்தான் வைத்திருக்கலாம் என்ற பழைய விதி இன்னும் இருக்கிறது, அடுத்த வட்டம் வரை விட்டுக்கொடுப்பார்கள். என் மனைவியின் அடையாள அட்டை இப்போது பாத்தாமில். ஊருக்கு மாற்றாமல் ஒரு பாத்தி கூட வாங்க முடியாது. அதோடு வயல் நிலத்தில் வீடு கட்டப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும், அது இப்போதெல்லாம் சுலபமாகக் கிடைப்பதில்லை.

முதலீடாக இது எப்படி என்று என் அண்ணன் கேட்டார், நேராகவே சொன்னேன்: முதலீடு இல்லை. வாங்கும்போது வாங்குபவர் தரப்பில் 5 சதவீத வரி, விற்பவர் தரப்பில் இரண்டரை சதவீதம், பத்திர அதிகாரிக்கு 1 சதவீதம் வரை. இதெல்லாம் போகட்டும், விற்க நினைத்தால் யார் வாங்குவார்? 2025-இல் இந்த மாவட்டத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 23 லட்சம் ரூபியா, நம் பணத்தில் 12,000 சொச்சம். உள்ளூர்க்காரர் வாங்க மாட்டார், அவருக்கு ஏற்கனவே நிலம் இருக்கிறது, பணம்தான் இல்லை. வெளிநாட்டவர் வாங்க முடியாது. ஜகார்த்தாவில் சம்பாதித்த ஊர்க்காரர்கள் தங்கள் பங்கில் டைல்ஸ் ஒட்டிய வீடு கட்டிவைத்துப் பதினொரு மாதம் பூட்டிப்போட்டிருக்கிறார்கள், ரம்ஜானுக்கு மட்டும் விளக்கு எரியும். கடற்கரைப் பக்கம் தெற்குச் சாலை வந்ததிலிருந்து விலை ஏறியிருக்கிறது என்பது உண்மை, எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, கார் போகாத ஒரு திருப்பமும் இருக்கிறது. மெராபி அடிவாரத்தில் விற்பது சுலபம். ஆனால் அந்த விலைக்கு வாங்கினால் என் சேமிப்பில் முக்கால்வாசி அங்கே உட்கார்ந்துவிடும், என் பெயரில் இல்லாமல், எரிமலைக்குக் கீழே.

அதனால் நாங்கள் போட்டிருக்கிற திட்டம் இது. சேமிப்பை நிலத்தில் போடுவதில்லை. குடும்பத் தோட்டத்தில் மனைவியின் பங்கைத் தனிப் பத்திரமாகப் பிரித்த பிறகுதான், அந்தப் பழைய தேக்குச் சட்டத்தை வைத்துச் சின்ன வீடு, திரும்பி வராது என்று நினைத்துச் செலவு செய்யக்கூடிய தொகைக்குள். பெரிய மழைநீர்த் தொட்டி வீட்டுக்கு முன்னால், கழிவுத்தொட்டி கசியாமல், ஏனென்றால் கசிந்தால் நேராக அந்த நிலத்தடி ஆற்றுக்குத்தான் போகும். பையன் மேல்படிப்புக்கு யோக்யகர்த்தாவில் அறை எடுத்துத் தங்கிக்கொள்வான். நெஞ்சுவலிக்கு மட்டும் பதில் இல்லை, வோனோசாரி பக்கமாக ஒரு சித்தி வீடு இருக்கிறது, அறுபது வயதுக்கு மேல் அந்தப் பக்கம் நகரலாம் என்று மனைவி சொல்கிறாள், சும்மா சமாதானம் என்று இருவருக்கும் தெரியும்.

அதுவரை வாடகை. பக்கத்து வீட்டுக்காரர் ஜகார்த்தாவில், அவருடைய டைல்ஸ் வீட்டை ஒரு வருடத்துக்கு, வழக்கம்போல மொத்தப் பணமும் முன்னால் கொடுத்து எடுத்திருக்கிறோம், ஜூனிலிருந்து. வேண்டுமென்றேதான் ஜூன், கோடை முழுக்கப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் லாரிக்காரர் எண்ணைக் கைபேசியில் ஏற்றியாயிற்று. சித்தப்பாக்கள் இரண்டு பேரும் ரம்ஜானுக்கு வருகிறார்கள், கையெழுத்து அப்போது என்று பேச்சு. மாமனார் "ஆலோன் ஆலோன்" என்கிறார், மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். போன ரம்ஜானுக்கும் அதைத்தான் சொன்னார். இந்தத் தடவை ஊர் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தை நானே நாலு நகல் எடுத்து, மூங்கிலோடு சேர்த்துக் கொண்டுபோகிறேன், பாலம் வேலைக்கு நான் இன்னும் மூங்கில் தரவில்லை.